ஒரம்பரை வரட்டும், தோளில் ஒரு துண்டு இருக்கட்டும்

கேள்வி: கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் தோட்டத்து வீட்டில் இருக்கிறோம். மே மாதம் இரண்டாவது சனி, ஞாயிறுக்குக் கோவையிலிருந்து நங்கையா (வீட்டுக்காரரின் அக்கா) குடும்பம், பெங்களூரிலிருந்து கொழுந்தனார் குடும்பம், வீட்டுக்காரரின் சிநேகிதர்கள் இரண்டு குடும்பம் எல்லாரும் வருகிறார்கள். எங்களையும் மாமனார், மாமியாரையும் சேர்த்துப் பெரியவர்கள் 12 பேர், குழந்தைகள் 9 பேர். கடைக்குட்டிக்கு 7 மாதம், மூத்தவனுக்கு 11 வயது. போன வருஷம் இதே மாதிரி கூடியிருந்தபோது, அப்போது ஒன்றரை வயதாக இருந்த என் மகன் மாட்டுத் தொட்டியில் தலைகுப்புற விழுந்துவிட்டான். பால் எடுக்க வந்தவர் பார்த்துத் தூக்கியதால் பிழைத்தான். நாங்கள் எல்லாரும் வாசலில்தான் உட்கார்ந்திருந்தோம். அதிலிருந்து ஒரம்பரை, அதாவது உறவு சனம் வருகிறது என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. அத்தை, "நாங்க வளத்தாத புள்ளைங்களா" என்கிறார். நான் ஏதாவது கட்டுப்பாடு சொன்னால், வர வேண்டாம் என்கிறேனோ என்று நங்கையா நினைத்துக்கொள்வார். என்ன செய்வது டாக்டர்?

பதில்:

அம்மிணி,

"நாங்கள் எல்லாரும் வாசலில்தான் உட்கார்ந்திருந்தோம்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியில் நின்றுவிட்டேன். குழந்தை மருத்துவராக எனக்கு 27 வருஷம் ஆகிறது. தண்ணீரில் விழுந்த குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவருகிறவர்கள் பெரும்பாலும் இதையேதான் சொல்வார்கள். "ஊடு நெறைய ஆளு இருந்தமுங்க." ஆள் நிறைய இருந்ததால்தான் நடந்தது என்று அந்த நேரத்தில் அவர்களிடம் சொல்ல எனக்கு மனசு வந்ததில்லை. உங்களிடம் இப்போது சொல்லலாம், இன்னும் நாள் இருக்கிறது.

நீங்களும் பையனும் மட்டும் வீட்டில் இருக்கிற ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். அவன் சத்தம் இரண்டு நிமிஷம் கேட்காவிட்டால் கையில் இருக்கிற கரண்டியோடு எழுந்து போய்ப் பார்ப்பீர்கள். 12 பெரியவர்கள் இருக்கிற நாளில் அந்தக் காது மந்தமாகிவிடும். அப்பத்தாவிடம் இருப்பான் என்று நீங்கள் நினைப்பீர்கள். நங்கையா மடியில் இருப்பான் என்று உங்கள் அத்தை நினைப்பார். பெரிய பிள்ளைகள் கூட்டிப் போயிருப்பார்கள் என்று நங்கையா நினைப்பார். இதில் யாரும் அசட்டையாக இல்லை. அதனால் போன வருஷத்துக்காக உங்களையோ மற்றவர்களையோ நொந்துகொள்ளாதீர்கள். இந்த வருஷம் ஒன்றே ஒன்றை மாற்றுங்கள்: இந்த நேரத்தில் பிள்ளைகளைப் பார்க்கிறவர் இன்னார் என்று எல்லாருக்கும் தெரியும்படி வையுங்கள்.

பல வீடுகளுக்கு நான் சொல்லி, அவர்கள் செய்து பார்த்துச் சரிவந்த வழி இது. நல்ல சிவப்பில் ஈரிழைத் துண்டு இரண்டு வாங்குங்கள். ஒன்று ஐந்து வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகளுக்கு, இன்னொன்று பெரிய பிள்ளைகளுக்கு. துண்டு யார் தோளில் இருக்கிறதோ அவர்தான் காவல். அரை மணி நேரம் அவர் கையில் செல்போன் இருக்கக் கூடாது, சீட்டு இருக்கக் கூடாது, அரிவாள்மணையும் இருக்கக் கூடாது. அரை மணி ஆனதும் அடுத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தலைகளை எண்ணிக் காட்டி, துண்டை அவர் தோளில் போட்டுவிட்டுத்தான் நகர வேண்டும். பாத்ரூம் போவதாக இருந்தாலும் இதேதான். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். தோட்டத்தில் சிநேகிதர்கள் கூடினால் சாயங்காலம் பாட்டில் திறப்பதுண்டு. ஒரு மடக்கு குடித்தவர் தோளிலும் துண்டு ஏறக் கூடாது. கூச்சப்படாமல் உங்கள் வீட்டுக்காரர் இதைச் சொல்லியாக வேண்டும்.

முதல் துண்டை உங்கள் மாமனாரிடம் கொடுங்கள். அவர் தோளில் ஏறிவிட்டால் அப்புறம் மாப்பிள்ளையோ கொழுந்தனாரோ வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். சமையல்கட்டில் நிற்கிற பெண்கள் யாருக்கும் துண்டு கிடையாது. அடுப்பையும் பிள்ளையையும் ஒரே ஆள் பார்க்க முடியாது.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மூழ்குகிற குழந்தை கையைக் காலை அடித்துக்கொண்டு கத்தும் என்றுதான் எல்லாரும் நினைத்திருக்கிறோம். ஒன்றரை, இரண்டு வயதுப் பிள்ளைக்கு உடம்பை வைத்துப் பார்த்தால் தலை கனம். தொட்டி விளிம்பைப் பிடித்து உள்ளே எட்டிப் பார்க்கும்போது கால் தரையை விட்டு எழும்பிவிடும். தலை உள்ளே போனால் கையை ஊன்றித் திரும்ப எழ அதற்குத் தெம்பு இல்லை. வாயில் தண்ணீர் இருப்பதால் சத்தமும் வராது. பத்தடி தூரத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பவருக்கு ஒன்றும் கேட்காது. சில நிமிஷங்களில் மூளை பாதிக்கப்படும். அரை வாளித் தண்ணீரே இதற்குப் போதும்.

ஆகவே வெள்ளிக்கிழமை காலையிலேயே ஒருமுறை வீட்டைச் சுற்றி வாருங்கள், பிள்ளைகள் உயரத்துக்குக் குனிந்து பார்த்தபடி. மாட்டுத் தொட்டியைக் காலையிலும் மாலையிலும் மாடு குடித்து முடித்ததும் வடித்துவிடுங்கள். இரண்டு நாளைக்கு அது கொஞ்சம் வேலைதான், பரவாயில்லை. வாளி, டிரம், அண்டா எல்லாம் குளித்து முடித்ததும் கவிழ்ந்திருக்கட்டும். பாத்ரூம் கதவுக்கு வெளிப்பக்கம் எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போடுங்கள். கீழ்த்தொட்டி மூடியும் செப்டிக் டேங்க் மூடியும் ஆட்டம் இல்லாமல் இருக்கிறதா என்று ஏறி மிதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் தார்ப்பாய் விரித்த பண்ணைக்குட்டை உங்கள் தோட்டத்திலோ பக்கத்துத் தோட்டத்திலோ இருந்தால், கிணற்றைவிட அதற்குத்தான் நான் பயப்படுவேன். பாசி பிடித்த தார்ப்பாயில் சறுக்கினால் நீச்சல் தெரிந்த பெரியவரே பிடிமானம் கிடைக்காமல் ஏற முடியாமல் போவார். அதற்குப் போகிற தடத்திலும் கிணற்றடிக்குப் போகிற தடத்திலும் படல் வைத்துக் கட்டுங்கள். துண்டுக்காரர் கூட இல்லாமல் அந்தப் படலைப் பிள்ளைகள் யாரும் தாண்டக் கூடாது.

11 வயதுக்காரன் கிணற்றில் நீச்சல் பழக வேண்டும் என்று கேட்பான். அவன் அப்பாவும் இங்கேதான் சுரைப்புருடையை (மிதப்பதற்கான காய்ந்த சுரைக்குடுக்கை) முதுகில் கட்டிக்கொண்டு பழகியிருப்பார், ஆசையாக இருக்கும். தப்பில்லை, எனக்கும் அப்படித்தான் நீச்சல் வந்தது. ஆனால் அது ஒரு லீவு முழுக்க, தினமும், கூடவே தண்ணீரில் இறங்கி நிற்கிற ஒரு மாமனை வைத்துக்கொண்டு பழகியது. இரண்டு நாளில், கூட்டத்தில், சின்னதுகள் விளிம்பில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது வேண்டாம். பதிலுக்கு மோட்டாரைப் போட்டு, தென்னைக்குப் பாய்கிற ஓஸைத் தூக்கிப் பிடியுங்கள். காலை எட்டரைக்கு ஒருமுறை, மாலை ஐந்துக்கு ஒருமுறை. மண்ணும் தண்ணியுமாக ஒன்பதும் உருண்டு எழட்டும். கிணற்றை யாரும் நினைக்க மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கொடிவேரி அணைக்குப் போகலாம் என்று யாராவது நிச்சயம் ஆரம்பிப்பார்கள். மே மாத ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், வழுக்குப் பாறையில், அணையிலிருந்து விழுகிற தண்ணீரின் இரைச்சலில் 9 பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருக்க யாராலும் முடியாது. பெரிய பிள்ளைகளை மட்டும், ஆளுக்கொரு பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டு, விடிந்ததும் போய் வெயில் ஏறுவதற்குள் திரும்புவதானால் சரி.

இத்தனைக்கும் பிறகு ஒரு பிள்ளை தண்ணீரில் விழுந்து தூக்கினால், தலைகீழாகப் பிடித்துச் சுற்றாதீர்கள், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்காதீர்கள். அதில் போகிற ஒவ்வொரு நொடியும் மூச்சில்லாத நொடி. மூச்சு இல்லையென்றால் சமதரையில் மல்லாக்கப் படுக்க வைத்து, தலையை லேசாகப் பின்னால் சாய்த்து, வாயோடு வாய் வைத்து முதலில் மூச்சு ஊத வேண்டும். அப்புறம் நெஞ்சின் நடுவில், நெஞ்சுக் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்கும்படி 30 தடவை வேகமாக அழுத்தி, 2 தடவை ஊதி, மறுபடி 30. 108 வருகிற வரை நிறுத்தக் கூடாது. உங்கள் வீட்டுக்காரரையும் கொழுந்தனாரையும் ஒரு முதலுதவி வகுப்பில் இதைக் கையால் செய்து பழகச் சொல்லுங்கள், படித்து மட்டும் வராது. எழுந்து உட்கார்ந்துவிட்ட பிள்ளைக்கும் இருமலோ மூச்சு வாங்குவதோ இருந்தால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும்.

சமையலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் 21 பேருக்கு ஆக்கப்போவது யார் என்று எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை ராத்திரி வந்து இறங்குகிறவர்களுக்கு அரிசிம்பருப்புச் சாதம் போதும். நெய்யும் தயிரும் அப்பளமும் இருந்தால் மூன்று வயது முதல் எழுபது வயது வரை மறுபேச்சில்லாமல் சாப்பிடுவார்கள். சனிக்கிழமை காலை சந்தகை, நம் பக்கத்து இடியாப்பம். அச்சை அமுக்க ஆண்களைக் கூப்பிடுங்கள், பெரிய பிள்ளைகளும் சுற்றி நின்று கை கொடுப்பார்கள். தேங்காய்ப்பாலை மட்டும் சாப்பிடுகிற நேரத்துக்குப் பிழியுங்கள். இந்த வெயிலில் தேங்காய்ப்பாலோ சட்னியோ கறிக்குழம்போ ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருந்தால் சின்னதுகளுக்குக் கொடுக்காதீர்கள். ஒரம்பரை முடிந்த திங்கட்கிழமை என் வாசலில் வாந்தியும் பேதியுமாக நிற்கிற பிள்ளைகளில் பாதிப் பேர், மத்தியானத்துக் கோழிக்குழம்பை ராத்திரி மறுபடி சாப்பிட்டவர்கள்தான்.

அதைவிட எனக்குப் பெரிய பயம், இறக்கி வைத்த குண்டா. நிறைய பேருக்கு ஆக்கும்போது கொதிக்கிற குழம்பையும் வடித்த கஞ்சியையும் தரையில்தான் இறக்கி வைப்போம். ஓடிப்பிடித்து விளையாடுகிற பிள்ளை பின்னால் பார்த்துக்கொண்டே ஓடிவந்து அதில் உட்கார்ந்துவிடும். பின்கட்டில் அடுப்பு மூட்டினால் நான்கு பக்கமும் கட்டிலைப் போட்டு மறித்துவிடுங்கள். வெந்நீர் அண்டாவுக்கும் இதேதான். சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுங்கள். 20 நிமிஷம் என்பது நீண்ட நேரம், கடிகாரத்தைப் பாருங்கள். அரைஞாண், வளையல், கொலுசு எதுவாக இருந்தாலும் வீங்குவதற்குள் கழற்றுங்கள். பேஸ்ட், மஞ்சள், மை, வெண்ணெய், ஐஸ் எதுவும் வேண்டாம். சுத்தமான துணியைப் போர்த்திக்கொண்டு வாருங்கள்.

அப்புறம் கடலைக்காய். சாயங்காலம் வறுத்துக் கொட்டினால்தான் பேச்சு ருசிக்கும், தெரியும். சில வருஷம் முன்னால் இப்படி ஒரு வீட்டில் ஆறு வயது அக்கா ஆசையாகத் தன் தம்பி வாயில் நான்கு பருப்பை ஊட்டிவிட்டாள். அவனுக்குப் பதினாறு மாதம். முதலில் ஒரு இருமல், அப்புறம் சரியாகிவிட்டது. பத்து நாளாகச் சளி என்று சிரப் கொடுத்துப் பார்த்துவிட்டுக் கூட்டி வந்தார்கள். ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் வலது பக்கம் மூச்சு பாதிதான் கேட்டது. கோவைக்கு அனுப்பி, மயக்கம் கொடுத்து, மூச்சுக்குழாய்க்குள் கருவியை விட்டு அரைப் பருப்பை எடுத்தார்கள். ஐந்து வயது ஆகும் வரை கடலைக்காய், பொட்டுக்கடலை, முழுத் திராட்சை வேண்டாம். நுங்கையும் விரலால் மசித்துத்தான் கொடுக்க வேண்டும், வழுக்கிக்கொண்டு தொண்டையில் போய் அடைக்கும். தட்டு பெரியவர்கள் கைக்கு மட்டும் எட்டுகிற உயரத்தில் இருக்கட்டும்.

7 மாதக் குழந்தைக்குப் பெரிய விருந்து எதுவும் தேவையில்லை. தாய்ப்பால் அடிக்கடி, மசித்த சாதம், காய்ச்சி ஆற வைத்த தண்ணீர் கொஞ்சம். நாக்கில் தேன் தடவ யாராவது வருவார்கள். ஒரு வயது வரை கூடாது என்று நான் சொன்னதாகவே சொல்லுங்கள். தெளுவும் (பதநீர்) வேண்டாம். காய்ச்சலோ பேதியோ இருக்கிற பிள்ளை யார் வீட்டில் இருந்தாலும் அவர்கள் இன்னொரு வாரம் வரட்டும், அந்தப் பிள்ளைக்கும் அதுதான் நல்லது.

நீங்கள் வைத்திருக்கிற தேதி கத்திரிக்குள் வருகிறது. மே 4 முதல் 28 வரை நம் பக்கம் 40 டிகிரியைத் தொடுவது புதிதில்லை. 11 மணியிலிருந்து 4 மணி வரை பிள்ளைகள் கூரைக்குக் கீழே இருக்க வேண்டும். தாகம் என்று பிள்ளைகள் கேட்க மாட்டார்கள், விளையாட்டில் மறந்துவிடும். துண்டு கை மாறும்போதெல்லாம் ஒரு டம்ளர் மோரோ இளநீரோ தண்ணீரோ கொடுப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மணி நேரமாக ஒன்றுக்குப் போகாத பிள்ளையைக் கவனியுங்கள். உடம்பு நெருப்பாகக் கொதித்து, பிள்ளை உளறினாலோ துவண்டு விழுந்தாலோ, ஈரத்துணியால் உடம்பு முழுக்க ஒற்றிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஓஆர்எஸ் நான்கு பாக்கெட் வாங்கி வையுங்கள். ஒரு லிட்டர் பாக்கெட் என்றால் முழு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். கால் பாக்கெட்டை டம்ளரில் போட்டு உத்தேசமாகக் கலக்கக் கூடாது.

கார்களைப் பூட்டி, சாவியை எல்லாம் ஒரு கிண்ணத்தில் போட்டு அலமாரியில் வையுங்கள். கண்ணாமூச்சி விளையாடும் பிள்ளை காருக்குள் ஒளிந்து கதவைச் சாத்திக்கொண்டால், வெயிலில் நிற்கிற அந்தக் கார் சீக்கிரத்தில் அடுப்பாகிவிடும். மோட்டார் ரூமைப் பூட்டுங்கள். பூச்சி மருந்து, எலி மருந்து எல்லாம் பூட்டுக்குள் போகட்டும், தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்த மருந்து முதலில் போகட்டும். வருகிற பெரியவர்களின் பைகளை மறக்காதீர்கள். தாத்தா பாட்டியின் சர்க்கரை மாத்திரை ஒன்றை முழுங்கினாலே இரண்டு வயதுப் பிள்ளைக்குச் சர்க்கரை இறங்கி நினைவு தப்பலாம். தோட்டத்து நாய் புது ஆட்களையும் ஓடுகிற பிள்ளைகளையும் பழகாதது, இரண்டு நாளும் கட்டியே இருக்கட்டும். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு 15 நிமிஷம் ஓடுகிற தண்ணீரில் கழுவி, அன்றைக்கே ஊசி.

ராத்திரி எல்லாரும் களத்தில் பாய் விரித்துப் படுப்பது எத்தனை சுகம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பிள்ளைகளுக்குத் தரை வேண்டாம். கட்டுவிரியன் ராத்திரியில்தான் வரும், தூங்குகிறவரைக் கடிக்கும், கடித்தது தெரியாமலே போகும். கட்டில்களை வெளியில் போட்டு, கொசுவலையை மெத்தைக்கு அடியில் நான்கு பக்கமும் செருகுங்கள். கட்டில் போதாவிட்டால் சின்னதுகள் வீட்டுக்குள். விடிகாலையில் ஒரு பிள்ளை காரணமில்லாமல் வயிறு வலிக்கிறது என்று அழுது, இமை தொங்கினால் பாம்பை நினையுங்கள். கட்டாதீர்கள், கீறாதீர்கள், நடக்க விடாதீர்கள். நேராக அரசு மருத்துவமனை. 108-க்கு வழி சொல்ல வசதியாக, மெயின் ரோட்டில் எந்த இடத்தில் திரும்ப வேண்டும் என்று ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள். கூப்பிட்டதும் ஒருவர் வண்டியை எடுத்துக்கொண்டு அந்தத் திருப்பத்தில் போய் நிற்க வேண்டும்.

சரி, உங்கள் அத்தைக்கு வருகிறேன். அவர் சொல்வது பொய்யில்லை. அவர் காலத்தில் பிள்ளைகள் இந்தத் தோட்டத்திலேயே பிறந்து, கிணறு எங்கே, தொட்டி எங்கே என்று தவழும்போதே அறிந்து வளர்ந்தார்கள். பண்ணையத்து ஆட்கள், கட்டுத்தறியில் ஒரு பாட்டி, திண்ணையில் ஒரு தாத்தா என்று எந்நேரமும் யாராவது வேலையோடு வேலையாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். இப்போது வருகிறது அடுக்குமாடியில் வளர்கிற பிள்ளைகள். இவர்களுக்குத் தோட்டம் இரண்டு நாள் அதிசயம். அதை அத்தையிடம் வாதமாகச் சொல்லாதீர்கள். "அத்தை, அன்னைக்கு நீங்க எல்லாம் பார்த்த மாதிரி இன்னைக்குப் பார்க்க ஆளில்லீங்க, நீங்கதான் ராத்திரி தலை எண்ணிப் படுக்க வைக்கோணும்" என்று பொறுப்பாகக் கொடுங்கள். சந்தோஷமாகச் செய்வார்.

நங்கையாவிடம் நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம். வருவது உங்கள் வீட்டுக்காரரின் உடன்பிறப்புகளும் சிநேகிதர்களும். சொல்ல வேண்டியவர் அவர். புதன்கிழமையே வாட்ஸ்அப்பில் அவர் இப்படிப் போடட்டும்: "எல்லாரும் வர்றது ரொம்ப சந்தோஷம். போன வருஷம் தம்பி தொட்டியில விழுந்தது உங்களுக்கே தெரியும், அம்மிணி இன்னும் அதுல இருந்து மீளலை. அதனால இந்தத் தடவ ஆம்பளைங்க நாங்க முறை போட்டுப் புள்ளைங்களப் பார்க்கறோம். அக்கா, மாப்பிள்ளைக்கு முறை சனிக்கிழமை பத்தரைக்குங்க." கூடப் பிறந்தவன் இப்படி எழுதினால் எந்த அக்காவும் மனம் கோண மாட்டார். தன் பிள்ளைகளையும் சேர்த்துத்தானே பார்க்கிறார்கள்.

கடைசியாக, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஒப்புட்டும் கச்சாயமும் தேங்காயும் டிக்கியில் ஏறும், ஆளாளுக்கு விடை சொல்வார்கள், பிள்ளைகள் இன்னும் ஒரு தடவை என்று வண்டிகளைச் சுற்றி ஓடுவார்கள். பின்னால் எடுக்கிற கார் ஓட்டுகிறவருக்கு மூன்றடி உயரப் பிள்ளை தெரியாது. ஒரு காரும் ஸ்டார்ட் ஆகும் முன், போகிற பிள்ளைகள் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்திருக்க வேண்டும், இருக்கிற பிள்ளைகள் திண்ணைமேல் நிற்க வேண்டும். துண்டு மாமனார் தோளில் இருக்கட்டும். அவர் ஒன்பதையும் எண்ணி, "எடுங்க" என்று கையைக் காட்டிய பிறகு முதல் கார் நகரட்டும்.